கிரேக்க கார்டில் இங்கிலீஷ் கால்பந்து: ஐரோப்பாவில் மேட்சுக்கு மட்டும் ஏன் எல்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாண்டிச்சேரியிலிருந்து பாரிஸ் போய்க் குடியேறிய என் சித்தி மகன், ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து தொடங்கும் வாரம் வந்தால் போன் செய்துவிடுவான். கேள்வி வருஷா வருஷம் ஒன்றுதான். "அண்ணா, ஸ்பெயின் தக்காளி இங்க தாராளமா வருது, ஜெர்மன் டயர் வருது. நான் காசு கொடுத்துப் பாக்கிற மேட்ச் மட்டும் ஏன் எல்லையில நின்னுடுது?" நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன். அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் போனில் சொன்னதைக் கேள்வி பதிலாக எழுதி வைக்கிறேன். பாதிக்கு மேல் ஒரே வழக்கைச் சுற்றித்தான் போகும்: இங்கிலாந்தில் பப் நடத்திய ஒரு பெண்மணி, கிரேக்க நாட்டு டிகோடர் கார்டைப் போட்டுக் கால்பந்து காட்டிய வழக்கு.

ஒளிபரப்பு உரிமை என்கிறார்களே, உண்மையில் எதை விற்கிறார்கள்?

மைதானத்தில் கேமரா பிடிக்கும் படம், கூடவே கூட்டத்தின் இரைச்சல். இவை சேர்ந்த ஒரு சிக்னல்தான் சரக்கு. லீக்கின் லோகோ, கிராஃபிக்ஸ், இசை, இங்கிலீஷ் வர்ணனை எல்லாம் அதிலேயே சேர்ந்துவிடும். அதைச் சுருக்கி, பூட்டுப் போட்டு, செயற்கைக்கோள் வழியாக ஒவ்வொரு நாட்டிலும் உரிமை வாங்கிய நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த நிறுவனம் பூட்டைத் திறந்து, மூலையில் தன் லோகோவை ஒட்டி, வேண்டுமானால் தன் வர்ணனையைச் சேர்த்து, மறுபடி பூட்டித் தன் சந்தாதாரர்களுக்கு அனுப்பும். சந்தாதாரர் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கார்டுதான் சாவி.

செயற்கைக்கோளுக்கு எல்லைக்கோடு தெரியாது. கிரேக்கத்துக்கு அனுப்பும் சிக்னல் அக்கம்பக்கத்து நாடுகளிலும், சில நேரம் ஐரோப்பாவின் மறு கோடியிலும் விழும். சரியான டிஷ் ஆன்டெனா வைத்தால் இங்கிலாந்துக் கூரையிலும் அது கிடைக்கும். அதனால் எல்லையை வானத்தில் போடாமல் கார்டில் போட்டார்கள். "உன் நாட்டுக்கு வெளியே பயன்படுத்தும்படி யாருக்கும் கார்டு கொடுக்கக் கூடாது" என்று உரிமை ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருந்தது. நாம் பேசப்போகும் சண்டை முழுக்க அந்த ஒரு ஷரத்தைப் பற்றியதுதான்.

நாடு நாடாகப் பிரித்து விற்பது ஏன்? ஐரோப்பா முழுக்க ஒரே விலைக்குக் கொடுத்தால் என்ன?

இங்கிலாந்துக்காரன் தன் ஊர் டீமுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பான். ஏதென்ஸ்காரனுக்கு அது பக்கத்து வீட்டுக் கல்யாணம். விலை ஏறினால் போக மாட்டான். ஆக ஒரே ஆட்டத்தை இரண்டு ஊரில் இரண்டு விலைக்கு விற்றால் மொத்த வசூல் கூடும். இதற்கு நடுவில் எவனாவது அந்த ஊர் கார்டை இந்த ஊருக்குக் கொண்டு வந்துவிட்டால் ஏற்பாடு குலையும்.

லீக் தரப்பில் சொல்லப்படும் வாதம் முழுக்கப் பொய் என்று தள்ளவும் முடியாது. ஒரே விலை என்று கட்டாயப்படுத்தினால் லண்டன் விலை இறங்கும் என்று என்ன உத்தரவாதம்? ஏதென்ஸ் விலை ஏறலாம். அல்லது கிரேக்கத்துக்கு விற்காமலேயே விட்டுவிடலாம். இந்தக் கேள்விக்கு கட்டற்ற சந்தைக்காரர்கள் யாரும் எனக்குத் திருப்தியாகப் பதில் சொன்னதில்லை.

கேரன் மர்ஃபி யார்?

போர்ட்ஸ்மத் நகரில் சவுத்சீ என்ற பகுதி. அங்கே 'ரெட், ஒயிட் அண்ட் புளூ' என்ற பப்பை நடத்தியவர். இங்கிலாந்தில் சனி, ஞாயிறு பப் வியாபாரத்துக்கு மேட்ச் பெரிய பலம். டிவியில் ஆட்டம் ஓடினால் இரண்டு மணி நேரம் ஆட்கள் நகர மாட்டார்கள். ஆனால் பிரிட்டனில் ஆட்டங்களைக் காட்டும் கட்டணச் சேனலான ஸ்கைக்கு பப் கட்டும் சந்தா வீட்டுச் சந்தா மாதிரி இல்லை. அன்று செய்திகளில் அடிபட்ட கணக்குப்படி மாதத்துக்குச் சுமார் 700 பவுண்டு. அதே பிரீமியர் லீக் ஆட்டங்களைக் கிரேக்கத்தின் நோவா நிறுவன கார்டில் பார்க்க வருடத்துக்கே சுமார் 800 பவுண்டுதான். ஒரு மாதக் காசில் கிட்டத்தட்ட ஒரு வருடம்! சின்ன பப் நடத்துகிறவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

மாட்டிக்கொண்டார். லீக்குக்காக இந்த மாதிரி பப்புகளைக் கண்காணித்த மீடியா புரொடெக்‌ஷன் சர்வீசஸ் என்ற நிறுவனம் அவர்மேல் தனியார் குற்றவழக்குப் போட்டது. இங்கிலாந்துச் சட்டத்தில் போலீஸ் இல்லாமலேயே தனியார் குற்றவழக்கு நடத்த வழி உண்டு. 2007 ஜனவரியில் போர்ட்ஸ்மத் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அபராதமும் செலவுமாகச் சுமார் 8,000 பவுண்டு. பத்து வருட கார்டு காசு.

அது திருட்டு கார்டா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கள்ள கார்டு என்பது, கம்பெனிக்குக் காசு போகாமல் யாரோ நகல் எடுத்து விற்பது. மர்ஃபியின் கார்டு நோவாவே வெளியிட்ட அசல் கார்டு. சந்தா ஒழுங்காக நோவாவுக்குப் போனது. நோவா லீக்குக்கு உரிமைத் தொகை கட்டியது.

தப்பு என்று சொல்ல இரண்டு விஷயம் இருந்தது. கிரேக்கத்தில் விலாசமும் போன் நம்பரும் காட்டினால்தான் கார்டு கிடைக்கும். இடைத்தரகர்கள் பொய் விலாசம் கொடுத்து வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அது போக, வீட்டுக்கென்று வாங்கிய கார்டு பப்பில் ஓடியது. பின்னாளில் ஐரோப்பிய நீதிமன்றம் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, பொய் விலாசம் கொடுத்தாலும் அசல் கார்டு 'சட்டவிரோதக் கருவி' ஆகிவிடாது என்றது.

போர்ட்ஸ்மத் வழக்கு லக்சம்பர்க் வரை போனது எப்படி?

மர்ஃபி அபராதத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கவில்லை. கிரவுன் கோர்ட்டில் அப்பீல் தோற்றது. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே நீதிபதிகள் 2008-இல், "இங்கிலாந்துச் சட்டம் ஒன்று சொல்கிறது, ஐரோப்பிய ஒப்பந்தம் வேறு சொல்கிறது போலிருக்கிறதே" என்று லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டார்கள். இதே காலத்தில் வெளிநாட்டு கார்டுகளை இறக்கி விற்றவர்கள்மேல் லீக் போட்ட சிவில் வழக்கும் (கியூசி லெஷர் வழக்கு) அங்கே போனது. இரண்டையும் சேர்த்து விசாரித்தார்கள்.

2011 பிப்ரவரியில் நீதிமன்றத்தின் அட்வகேட் ஜெனரல் யூலியானே கோகோட் மர்ஃபி பக்கம் கருத்துச் சொன்னார். அட்வகேட் ஜெனரல் கருத்து தீர்ப்பு இல்லை; நீதிபதிகள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனாலும் அன்றைக்கே லீக் அலுவலகத்தில் பலருக்குத் தூக்கம் போயிருக்கும். பல நீதிபதிகள் சேர்ந்து அமரும் பேரமர்வின் தீர்ப்பு 2011 அக்டோபர் 4 அன்று வந்தது.

கார்டு ஒரு பொருள்தானே? செருப்பு, சட்டை மாதிரி எல்லை தாண்டி வாங்கலாம்தானே?

நல்ல கேள்வி, நீதிமன்றமும் இங்கிருந்துதான் தொடங்கியது. ஏதென்ஸில் வாங்கிய செருப்பை லண்டனில் போட யாரும் தடுக்க முடியாது. ஆனால் கார்டை வெறும் பிளாஸ்டிக்காக யார் வாங்குவார்கள்? அதன் வழியாக வரும் ஒளிபரப்புக்காகத்தான். ஆகவே இது பொருள் விவகாரம் இல்லை, சேவை விவகாரம் என்றார்கள். தொலைக்காட்சி சிக்னல் சேவைதான் என்பதை 1974-இலேயே சாக்கி என்ற இத்தாலிய வழக்கில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஐரோப்பிய ஒப்பந்தத்தின் 56-ஆவது பிரிவு, அதாவது சேவைகள் எல்லை தாண்டித் தடையின்றிப் போகலாம் என்கிற பிரிவு, முன்னுக்கு வந்தது.

தீர்ப்பு என்ன சொன்னது? சுருக்கமாக.

வெளிநாட்டு கார்டை இறக்குவதையும் விற்பதையும் பயன்படுத்துவதையும் தடுக்கும் உள்நாட்டுச் சட்டம் செல்லாது. உரிமை ஒப்பந்தத்தில் "கார்டை வெளியே கொடுக்காதே" என்கிற ஷரத்தும் செல்லாது. அது 101-ஆவது பிரிவுக்கு, அதாவது போட்டிச் சட்டத்துக்கு விரோதம். (தமிழில் இந்தச் சொல் ஒரு தொல்லை. இங்கே போட்டி என்றால் வியாபாரப் போட்டி. விளையாட்டை நான் ஆட்டம் என்றோ மேட்ச் என்றோதான் எழுதுகிறேன்.) கிரேக்கத்தில் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிமை கொடுப்பதில் தவறில்லை. அந்த உரிமையைச் சுற்றி ஈ நுழையாதபடி சுவர் எழுப்புவதுதான் தவறு.

காசு போடுகிறவனுக்கு உச்ச விலை கேட்க உரிமை இல்லையா?

என்னைக் கேட்டால் இந்தத் தீர்ப்பின் உயிர் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. அறிவுசார் உரிமை வைத்திருப்பவருக்கு நியாயமான தொகை கிடைக்க வேண்டும். கிடைக்கக்கூடிய தொகையிலேயே மிகப் பெரியது கிடைக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் உறுதி தரவில்லை. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது.

அந்த நியாயமான தொகையைக் கணக்குப் போடும்போது, நோவாவின் பார்வையாளர் எத்தனை பேர், அதில் கிரேக்கத்துக்கு வெளியே எத்தனை பேர் என்று பார்த்து லீக் கேட்கலாம். பூட்டுப் போட்ட ஒளிபரப்பில் இதை எண்ணுவது சுலபம். ஆனால் "சுவர் எழுப்பித் தருகிறேன், அதற்குத் தனியாகக் கொடு" என்று வாங்கும் உபரித் தொகை இருக்கிறதே, அது நியாயமான தொகையில் சேராது. அது ஒரே சந்தையைத் துண்டு போட்டதற்கான கூலி.

முன்பு இதே நீதிமன்றம் வேறு மாதிரி பேசியிருந்தது. 1980-இல் கோடிடெல் வழக்கில், ஜெர்மன் டிவியில் வந்த ஒரு சினிமாவை பெல்ஜிய கேபிள் நிறுவனங்கள் பிடித்துத் தங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டின. அங்கே உரிமையாளருக்கு எல்லை வகுக்க இடம் கொடுத்தார்கள். அப்படியென்றால் முரண்பாடா? இல்லை என்று பதில் சொன்னார்கள். பெல்ஜிய கேபிள்காரர் அனுமதியும் வாங்கவில்லை, காசும் கட்டவில்லை. நோவா இரண்டையும் செய்திருந்தது.

கால்பந்து ஆட்டத்துக்குப் பதிப்புரிமை உண்டா?

கிடையாது. நாவலுக்கு உண்டு, பாட்டுக்கு உண்டு, ஆட்டத்துக்குக் கிடையாது. ஆட்டம் விதிகளுக்கு உட்பட்டு நடப்பது; பதிப்புரிமைச் சட்டம் தேடும் படைப்புச் சுதந்திரத்துக்கு அதில் இடமில்லை என்றார்கள். மெஸ்ஸி நான்கு பேரைத் தாண்டி அடித்த கோல் படைப்பு இல்லையா என்று என் சித்தி மகன் சண்டைக்கு வந்தான். ரசிகனாக நானும் அவன் கட்சிதான். சட்டக் கண்ணில் அது படைப்பு இல்லை.

ஒரு வாசலைத் திறந்தும் வைத்தார்கள்: விளையாட்டு நிகழ்ச்சிக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தால் அந்தந்த நாடு சட்டம் போட்டுக்கொள்ளலாம். பிரான்ஸ் அப்படித்தான் வைத்திருக்கிறது. அங்கே விளையாட்டுச் சட்டத் தொகுப்பே, நிகழ்ச்சியை வைத்துச் சம்பாதிக்கும் உரிமை அதை நடத்தும் சங்கத்துக்கு என்கிறது.

ஆட்டத்துக்கு இல்லாத பதிப்புரிமை, ஆட்டத்தைச் சுற்றி ஒட்டிய சமாச்சாரங்களுக்கு உண்டு. தொடக்கத்தில் வரும் வீடியோத் துணுக்கு, பிரீமியர் லீக் கீதம், முந்தைய ஆட்டங்களின் சிறப்புக் காட்சிகள், திரையில் வரும் கிராஃபிக்ஸ். இதில்தான் விஷயம் திரும்பியது.

அப்படியானால் மர்ஃபி ஜெயித்தாரா இல்லையா?

அவர் ஜெயித்தார். பப்புகள் ஜெயிக்கவில்லை.

2012 பிப்ரவரி 24 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் மர்ஃபிமேல் இருந்த தண்டனையை ரத்து செய்தது. முதல் தீர்ப்பு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் லக்சம்பர்க் தீர்ப்பின் கடைசிப் பகுதியில் ஒரு முள் இருந்தது. பப்பில் பத்து வாடிக்கையாளர் முன்னால் டிவியை ஓடவிடுவது 'பொதுமக்களுக்குத் தெரிவித்தல்' ஆகும். அந்த ஒளிபரப்பில் பதிப்புரிமை உள்ள எதுவும் இருந்தால் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கிரேக்க கார்டுக்குக் கொடுத்த காசில் அந்த அனுமதி அடங்காது. வீட்டுச் சந்தாவில் பப் பார்வையாளர்கள் கணக்கில் இல்லை என்பது காரணம்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஆட்டத்தைக் காட்டலாம், கீதம் வந்தால் சத்தத்தை அணைக்க வேண்டும், மூலையில் கிராஃபிக்ஸ் வந்தால் திரையில் துண்டைத் தொங்கவிட வேண்டும். எந்த பப்காரரால் முடியும்? வீட்டில் சோபாவில் உட்கார்ந்து கிரேக்க கார்டில் பார்ப்பவருக்குத் தீர்ப்பு முழு விடுதலை. யார் போராடி வாங்கிக் கொடுத்தாரோ அவருடைய தொழிலுக்கு மட்டும் அரை விடுதலை. இங்கிலாந்துச் சட்டத்தில் காசு வாங்காமல் டிவி காட்டும் இடங்களுக்கு இருந்த ஒரு விலக்கும் பப்புகளுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. 2016-இல் அந்த விலக்கிலிருந்து வீடியோப் பதிவுகளை எடுத்துவிட்டார்கள். அந்தச் சந்தும் குறுகியது.

சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் இங்கிலாந்து டிவியில் வராதாமே? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம். 1960-களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட் மற்ற கிளப்புகளிடம் சொன்னார்: பெரிய ஆட்டம் டிவியில் ஓடினால் சின்ன ஊர் மைதானங்களில் டிக்கெட் விற்காது. அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை நேரலை கிடையாது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பான யூயேஃபாவின் விதியும் ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் இப்படி இரண்டரை மணி நேரத்தை மூடிவைக்க இடம் தருகிறது.

ஆனால் மூடியது இங்கிலாந்தில்தான். ஏதென்ஸில் அதே ஆட்டம் நேரலையாக ஓடும்! இங்கிலாந்து ரசிகன் கிரேக்க கார்டைத் தேடியதற்கு விலை மட்டும் காரணமில்லை. தன் ஊர் டீமின் மூன்று மணி ஆட்டத்தைத் தன் ஊர் டிவியில் பார்க்க முடியாத வயிற்றெரிச்சலும்தான். "மைதானக் கூட்டத்தைக் காப்பாற்றத்தான் கார்டைத் தடுக்கிறோம்" என்று லீக் வாதாடியது. நீதிமன்றம் மசியவில்லை. அதுதான் நோக்கமென்றால் அந்த நேரத்தில் ஒளிபரப்பாதே என்று ஒளிபரப்பாளர்களிடம் ஒப்பந்தம் போடுங்கள், கார்டை ஏன் தடுக்கிறீர்கள் என்றது.

கிளப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டாக விற்பதே வியாபாரப் போட்டிக்கு விரோதம் இல்லையா?

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமும் அப்படித்தான் சந்தேகப்பட்டது. 2003-இல் சாம்பியன்ஸ் லீக், 2005-இல் ஜெர்மனியின் புண்டஸ்லிகா, 2006-இல் பிரீமியர் லீக் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் உலுக்கியது. கூட்டாக விற்கலாம், ஆனால் பல பொட்டலமாகப் பிரித்து வெளிப்படையாக ஏலம் விடு என்பது முடிவு. பிரீமியர் லீக்குக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை: ஆறு பொட்டலத்தையும் ஒருவரே வாங்கக் கூடாது. 1992-இல் லீக் தொடங்கியதிலிருந்து நேரலை முழுக்க ஸ்கை கையில் இருந்ததை உடைக்கத்தான் இது.

உடைந்தது. 2007 சீசனிலிருந்து ஸ்கைக்கு நான்கு பொட்டலம், செடான்டா என்ற இன்னொரு கட்டணச் சேனலுக்கு இரண்டு. ஆனால் ரசிகனுக்கு என்ன லாபம்? முன்பு ஒரு சந்தா கட்டினான், இப்போது இரண்டு. அதில் செடான்டா பிரிட்டனில் 2009 ஜூனில் திவாலானது. போட்டி வந்தால் விலை குறையும் என்கிற பாடப்புத்தகக் கணக்கு இந்தச் சந்தையில் எடுபடாது. இரண்டு கடையில் ஒரே அரிசி கிடைத்தால்தானே விலை குறையும்? இங்கே ஒரு கடையில் அரிசி, இன்னொரு கடையில் பருப்பு. சாப்பிட இரண்டும் வேண்டும்.

சரி, மர்ஃபி தீர்ப்புக்குப் பிறகு உரிமை விலை சரிந்ததா?

தலைகீழ். 2010–13 காலத்துக்கு உள்நாட்டு நேரலை உரிமை சுமார் 177 கோடி பவுண்டுக்குப் போயிருந்தது. தீர்ப்பு வந்து எட்டு மாதம் கழித்து, 2012 ஜூனில் நடந்த ஏலத்தில் அது சுமார் 302 கோடி ஆனது. பிடி (BT) என்ற பிரிட்டிஷ் தொலைபேசி நிறுவனம் களத்தில் குதித்ததுதான் காரணம். 2016–19-க்கு சுமார் 514 கோடி. சீசனுக்கு 168 ஆட்டம் என்று வகுத்துப் பாருங்கள், ஒரு ஆட்டம் ஒரு கோடி பவுண்டைத் தாண்டும். கிரேக்க கார்டு வந்து லீக்கைக் கவிழ்த்துவிடும் என்று எழுதியவர்கள் எல்லாம் அன்று அமைதியாகிவிட்டார்கள்.

இப்போது யார் டிஷ் வைக்கிறார்கள்? இணையத்தில் பார்ப்பவருக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்துமா?

கார்டுக்குக் கிடைத்த விடுதலை ஆப்புக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. கார்டு கையில் இருந்தால் எந்த ஊரிலும் போடலாம்; ஆப் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்த்துக் கதவை மூடும். அந்தக் கதவை உடைக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் புவித்தடுப்பு ஒழுங்குமுறை (ஊரைப் பார்த்து வாடிக்கையாளரைத் தடுக்கக் கூடாது என்கிற சட்டம்) கொண்டு வந்தது; டிசம்பர் 3 முதல் அமல். ஜெர்மன் இணையக் கடையில் பிரெஞ்சுக்காரர் ஃபிரிட்ஜ் வாங்க வந்தால் விரட்டக் கூடாது. ஆனால் படம், டிவி, விளையாட்டு நேரலை எல்லாவற்றையும் அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். 2019-இல் இணைய ஒளிபரப்புக்கென்று வந்த இன்னொரு உத்தரவும், செய்தி மாதிரி சிலவற்றுக்கு வழி திறந்துவிட்டு, விளையாட்டு ஒளிபரப்பை வெளியே நிறுத்தியது. கிளப்புகளும் சினிமாக்காரர்களும் பிரசல்ஸில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

மர்ஃபி தீர்ப்பு செத்துவிடவில்லை. வீடியோ கேம் விற்கும் வால்வ் நிறுவனம், போலந்து, செக் மாதிரியான நாடுகளில் மலிவாக வாங்கிய கேம் சாவிகள் வேறு நாட்டில் திறக்காதபடி பூட்டியது. ஆணையம் அபராதம் போட்டது. 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த அபராதத்தை உறுதிசெய்தபோது, உச்ச விலைக்குச் சட்டம் உறுதி தரவில்லை என்ற அதே தர்க்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

லண்டனில் இருக்கிறேன். இன்றைக்கு கிரேக்க கார்டு வாங்கலாமா?

மர்ஃபி தீர்ப்பை நம்பி வாங்காதீர்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டின் இடைக்காலம் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. 56-ஆவது பிரிவின் பாதுகாப்பு பிரிட்டனில் இருப்பவருக்கு இப்போது இல்லை. எந்த நாட்டு பப்புக்காக ஐரோப்பாவின் கதவு திறந்ததோ அந்த நாடு அந்தக் கதவுக்கு வெளியே போய் நிற்கிறது.

உலகக்கோப்பை மாதிரி ஆட்டங்களை இலவசமாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 1997-இல் திருத்திய ஐரோப்பிய டிவி உத்தரவு, ஒவ்வொரு நாடும் தன் சமூகத்துக்கு முக்கியமான நிகழ்ச்சிகளைப் பட்டியல் போடலாம் என்றது. பட்டியலில் வந்ததைக் கட்டணச் சேனல் மட்டும் மடக்கிக்கொள்ள முடியாது. நம் ஊர் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், 2007-இல் இந்தியாவில் வந்த சட்டப்படி முக்கியமான கிரிக்கெட் ஆட்டங்களின் சிக்னலைத் தூர்தர்ஷனுக்குப் பகிர வேண்டியிருக்கிறதே, அதன் ஐரோப்பியப் பங்காளி. பிரிட்டனும் பெல்ஜியமும் உலகக்கோப்பையின் எல்லா ஆட்டத்தையும் பட்டியலில் போட, ஃபிஃபா வழக்குப் போட்டு 2013 ஜூலையில் கடைசியாகத் தோற்றது.

இதிலும் எல்லை தாண்டிய கதை ஒன்று உண்டு. டிவிடென்மார்க் 1 என்ற சேனல் லண்டனில் உரிமம் வாங்கி டென்மார்க்குக்கு ஒளிபரப்பியது. 2002 உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் டென்மார்க் வெளியூரில் ஆடும் ஆட்டங்களை அது வாங்கியது. டென்மார்க் பட்டியல்படி அந்த ஆட்டங்கள் 90 சதவீத மக்களுக்கு எட்ட வேண்டும். இந்தச் சேனல் எட்டியதோ சுமார் 60 சதவீதம். பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு அமைப்பு, "நீ எங்கள் உரிமத்தில் இருந்தாலும் டென்மார்க் பட்டியலை மதிக்க வேண்டும்" என்று தடுத்தது. 2001-இல் பிரபுக்கள் சபை (அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மாதிரி இருந்தது) அதைச் சரி என்றது. லண்டனில் கடை வைத்தால் கோபன்ஹேகன் சட்டத்திலிருந்து தப்பலாம் என்கிற கணக்கு தப்பானது.

உரிமை வாங்காத சேனல் செய்தியில் கோலைக் காட்டுகிறதே, அது எப்படி?

செய்திக்கென்று 90 விநாடிவரை எடுத்துக்கொள்ளலாம். கூலியாகத் தொழில்நுட்பச் செலவு மட்டும். அதற்கு மேல் கேட்க முடியாது என்று 2013 ஜனவரியில் ஆஸ்திரிய வழக்கொன்றில் முடிவானது.

பாரிஸில் கட்டிய சந்தா வெளியூர் போனால் ஓடுமா?

இதுதான் சித்தி மகனின் கேள்வி. இதற்கு மட்டும் நல்ல செய்தி இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள ஒழுங்குமுறைப்படி, காசு கட்டிப் பார்க்கும் இணையச் சந்தா ஒன்றிய நாடுகளுக்குள் தற்காலிகமாகப் போகும்போது கூடவே வர வேண்டும். அதே ஆட்டங்கள், கூடுதல் கட்டணம் இல்லாமல். பாரிஸ்காரர் விடுமுறைக்கு மிலான் போனால் பார்க்கலாம். லண்டன் போனால் அந்தக் கட்டாயம் இல்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை, அதனால் அங்கேயும் இல்லை.

போன வருடம் அவன் ஜெனீவாவில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தான். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போனில் ஆப்பைத் திறந்தால், 'இந்தப் பகுதியில் கிடைக்காது'. எனக்குப் போன் செய்தான். "டேய், அங்கிருந்து பிரான்ஸ் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். மச்சானிடம் கேட்டுவிட்டு, 17-ஆம் நம்பர் டிராம் பிடித்து எல்லை தாண்டி ஆன்மாஸ் போனான். அங்கே ஒரு காப்பிக் கடையில் வைஃபை வாங்கி உட்கார்ந்தபோது முதல் பாதியில் இருபது நிமிடம் போயிருந்ததாம். இரண்டாம் பாதி முடியும்வரை மச்சான் போன் செய்துகொண்டே இருந்தார், சாப்பாடு ஆறுகிறது என்று.